யூஎஸ்பி–சீரியல் கேபிளில் புரோகிராமபிள் சிடிஐ இணையவில்லை: எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றுக்குப் புரோகிராமபிள் சிடிஐ, அதாவது ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் கணினியிலிருந்து மாற்றி எழுதக்கூடிய இக்னிஷன் பெட்டி, வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒன்பது பின் உள்ள சீரியல் கனெக்டர் வருகிறது. லேப்டாப்பில் அப்படி ஒரு போர்ட் இல்லாததால், கடையில் ஒரு யூஎஸ்பி–சீரியல் கேபிள் வாங்கிச் செருகினீர்கள். விண்டோஸ் 11. சிடிஐக்கான மென்பொருள் திறக்கிறது, ஆனால் பெட்டியோடு இணைய மறுக்கிறது. டிரைவரை, அதாவது கேபிளோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய நிரலை, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, எந்த டிரைவர் சரியானது என்று கேட்கிறீர்கள்.

டிரைவர் காரணமாக இருக்கலாம். ஆனால் லேப்டாப்பில் ஆரம்பித்து சிடிஐக்குள் இருக்கும் சிப் வரை ஐந்தாறு இடங்கள் இருக்கின்றன. அதில் எங்கே அறுந்தாலும் திரையில் வருவது இதே செய்தியாகத்தான் இருக்கும். அதனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். நான் பல வருடமாக ஆலைகளில் பிஎல்சி, எடை மெஷின், பழைய கன்ட்ரோலர்கள் என்று சீரியல் போர்ட் வைத்த சாதனங்களை லேப்டாப்போடு இணைக்கிற வேலையில் இருக்கிறேன். வண்டி வேலை அதற்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த ஆர்வம். சாதனம் எதுவானாலும் தேடுகிற முறை ஒன்றுதான்: கேபிளை மட்டும் தனியாகச் சோதியுங்கள், அது தேறிய பிறகுதான் வண்டிப் பக்கம் போங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு டிரைவர் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே கவனியுங்கள். மென்பொருள் “போர்ட்டைத் திறக்க முடியவில்லை” என்கிறதா, “பதில் வரவில்லை” என்கிறதா? முன்னது என்றால் கோளாறு லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது; வண்டியின் சாவியைத் திருப்பவே வேண்டாம். பின்னது என்றால் போர்ட் திறந்துவிட்டது, கேபிளுக்கு அந்தப் பக்கம் எங்கோ தடை. சில மென்பொருள்கள் இரண்டுக்கும் ஒரே செய்தியைக் காட்டும். அப்போது கீழே சொல்கிற சோதனைதான் வழி.

கேபிளுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ கடைக்காரர் சொன்னதையோ நம்ப வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் இருக்கும் அந்தச் சாதனத்தை இரண்டு முறை கிளிக் செய்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி, அதாவது தயாரிப்பாளர் எண், 0403 என்று இருந்தால் எஃப்டிடிஐ. 067பி என்றால் ப்ரொலிஃபிக். 1ஏ86 என்றால் சிஎச்340 வகை. 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸின் சிபி210எக்ஸ் வகை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கேபிள்களில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கும். எந்த டிரைவர் என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். “எல்லா டிரைவரும் ஒரே இடத்தில்” என்று அழைக்கிற தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

ப்ரொலிஃபிக் என்று வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் அறிகுறிகளோடு அதிகம் பொருந்துவது அதுதான். அந்த நிறுவனத்தின் பிஎல்2303 சிப்பை வேறு பலர் நகல் எடுத்து விற்றார்கள். நகலைத் தடுக்க, நிறுவனம் தன் புது டிரைவர்களைப் பழைய சிப் வகைகளோடு வேலை செய்யாதபடி மாற்றியது. விளைவாக, நகல் சிப் மட்டுமல்லாமல் காசு கொடுத்து வாங்கிய அசல் பழைய சிப்பும் நின்றுபோனது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் “கோட் 10” என்ற பிழையும் வரும். புதிய விண்டோஸில், இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியே சாதனத்தின் பெயராக நிற்கும். இதற்குப் பலரும் செய்வது 2008-ம் வருடத்துப் பழைய டிரைவரைப் போடுவது. அப்டேட் டிரைவர் போய், கணினியிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் பழைய பதிப்பைப் பிடித்தால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் அப்டேட் வந்து அதை மறுபடி புதியதாக மாற்றிவிடலாம். நேற்று இணைந்தது இன்று இணையவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு இது காரணமாக இருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல அந்த ஐடி எண் வேண்டும்.

எஃப்டிடிஐயிலும் நகல் தொல்லை உண்டு. 2014-ல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய டிரைவர் ஒன்று, நகல் சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு வந்த டிரைவர், நகல் சிப் என்றால் நீங்கள் அனுப்புகிற தரவுக்குப் பதிலாக “இது அசல் சாதனம் அல்ல” என்ற ஆங்கில வாசகத்தை அனுப்பியது. கேபிள் அப்படி எழுத்துகளைக் கொட்டுகிறபோது சிடிஐ என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இக்னிஷன் பெட்டிக்கு எழுதுகிற வேலைக்கு நம்பகமான கடையில் அசல் எஃப்டிடிஐ கேபிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். விலை கூடத்தான். ஆனால் சிடிஐக்குக் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

அடுத்து காம் போர்ட் எண், அதாவது சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் எண். பழைய மென்பொருள்கள் சில காம்1 முதல் காம்4 வரை, சில காம்9 வரை மட்டுமே பார்க்கும். பத்தும் அதற்கு மேலும் உள்ள போர்ட்டைத் திறக்க விண்டோஸில் பெயரை வேறு மாதிரி எழுத வேண்டும். அந்தக் காலத்து நிரல்களில் பலவற்றில் அது கிடையாது. சிஎச்340 போன்ற, தனக்கென்று சீரியல் நம்பர் இல்லாத சிப்புகள், யூஎஸ்பி துளையை மாற்றிச் செருகினால் புதுக் காம் எண் வாங்கும். இப்படிப் பல துளைகளில் மாற்றி மாற்றிச் செருகியவர்கள் காம்14, காம்17 என்று போய் நிற்பார்கள். போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைக் காம்3 அல்லது காம்4 என்று மாற்றுங்கள். “ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்று காட்டினாலும், அது எப்போதோ செருகிய பழைய சாதனத்தின் பதிவாக இருந்தால் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். அதே பக்கத்தில் இருக்கும் பாட் ரேட்டை மாற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது தனக்கு வேண்டிய வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும்.

சரி, இப்போது சோதனை. சிடிஐயிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிளின் ஒன்பது பின் முனையில் 2, 3 என்ற இரண்டு பின்களையும் ஒரு சின்ன ஜம்பர் வயரால் இணையுங்கள். எண்கள் பிளாஸ்டிக்கில் பொடியாகப் பொறித்திருக்கும், போன் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். 3-ல் அனுப்புவது 2-ல் திரும்பி வரும், அவ்வளவுதான் விஷயம். புட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சீரியல் என்று தேர்ந்தெடுத்து, உங்கள் காம் எண்ணைப் போட்டு, வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் “நன்” (எதுவும் வேண்டாம்) என்று வைத்துத் திறங்கள். ஏதாவது எழுத்தைத் தட்டினால் திரையில் தெரிய வேண்டும். வயரை எடுத்துவிட்டுத் தட்டினால் தெரியக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் டிரைவர், காம் எண், யூஎஸ்பி சிப் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன என்று அர்த்தம்; இனி டிரைவரைத் தொடவே வேண்டாம். முடித்ததும் புட்டியை மூடிவிடுங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும். பின்னால் திறந்து கிடக்கும் புட்டியே சிடிஐ மென்பொருளைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதும் முக்கியம். வோல்டேஜ் சரியா என்று அது சொல்லாது. ஆர்எஸ்-232 என்பது 1960-ல் வந்த தரம். அதில் 1 என்பதற்கு மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்பதற்குப் ப்ளஸ் 3 முதல் ப்ளஸ் 15 வோல்ட். யாரும் எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது லைன் மைனஸில் நிற்கும். மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகள் நேரடியாகப் பேசும் டிடிஎல் முறையில் 0 வோல்ட்டும் 5 அல்லது 3.3 வோல்ட்டும்தான் உண்டு, சும்மா இருக்கும்போது மேலே நிற்கும். அதாவது இரண்டும் வோல்டேஜ் அளவில் மட்டுமல்ல, தலைகீழாகவும் வேறுபட்டவை. நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு மாற்று சிப் இல்லாமல் ஒன்றோடு ஒன்று பேசாது. பேசாதது போகட்டும், டிடிஎல் பெட்டியின் காலில் ஆர்எஸ்-232 கேபிளைச் செருகினால் உள்ளே இருக்கும் சிப் எரிந்தே போகலாம். ஒன்பது பின் கனெக்டர் இருப்பதாலேயே அது ஆர்எஸ்-232 ஆகிவிடாது. நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். டிரைவர் தப்பானால் மாற்றிக்கொள்ளலாம், சிப் போனால் பெட்டி போனது.

ஆகவே ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முதலில் கேபிள் பக்கம்: கறுப்பு முனையைக் கிரவுண்டான பின் 5-லும் சிவப்பைப் பின் 3-லும் வைத்துப் பாருங்கள், புட்டியில் போர்ட் திறந்திருக்க வேண்டும். மைனஸ் 5-லிருந்து மைனஸ் 10-க்குள் காட்டினால் அது முறையான ஆர்எஸ்-232 கேபிள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால், காசு மிச்சம் பிடிக்க மாற்று சிப் வைக்காமல் செய்த மலிவு கேபிள். இந்த வகை சில சாதனங்களோடு வேலை செய்யும், சிலதோடு செய்யாது. ஏனென்றால் பல ஆர்எஸ்-232 ரிசீவர் சிப்புகள் பூஜ்யத்தையே மைனஸாக எடுத்துக்கொள்ளும்; ஆனால் மைனஸ் வோல்டேஜை உண்மையாகவே எதிர்பார்க்கும் சர்க்யூட்டுகளில் அது நடக்காது. “நண்பர் வண்டியில் இதே கேபிள் ஓடியது” என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு பெட்டி பக்கம். கேபிளைச் செருகாமல், வண்டியின் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சிடிஐயின் கனெக்டரில் பின் 5-க்கும் 2-க்கும், பின் 5-க்கும் 3-க்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏதாவது ஒன்றில் நல்ல மைனஸ் வோல்டேஜ் வந்தால், அதுதான் பெட்டி அனுப்புகிற பின், பெட்டி பேசுவது ஆர்எஸ்-232. ப்ளஸ் 5 அல்லது 3.3 வந்தால் அது டிடிஎல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேபிளைச் செருகாமல் நிறுத்திக்கொண்டு, தயாரிப்பாளரிடம் கேளுங்கள். எதிலுமே எதுவும் வரவில்லை என்றால், பெட்டிக்குச் சப்ளை வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி இல்லாமல் மேக்னெட்டோவிலேயே ஓடும் ஏசி சிடிஐ என்றால் இன்ஜின் சுற்றாமல் பெட்டிக்கு உயிர் இருக்காது. அந்த வகைப் பெட்டிகளுக்குப் புரோகிராம் செய்யும்போது தனியாக 12 வோல்ட் கொடுக்கச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருப்பார்கள். சப்ளை இருந்தும் எதுவும் வரவில்லை என்றால், சில பெட்டிகள் சீரியல் பகுதிக்கான மின்சாரத்தைக் கேபிளின் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கன்ட்ரோல் லைன்களிலிருந்து, அதாவது பின் 4, 7 வழியாக எடுத்துக்கொள்ளும். மூன்று வயர் மட்டும் உள்ள கேபிளில் அந்தப் பெட்டி பேசவே பேசாது.

இந்த அளவீட்டிலேயே இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கேபிள் அனுப்புவது பின் 3-ல். பெட்டி அனுப்புவது பின் 2-ல் இருந்தால் நேராகச் செருகலாம். பெட்டியின் மைனஸும் பின் 3-ல் வந்தால் இருவரும் ஒரே வயரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கேட்க ஆள் இல்லை; 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போடும் நல் மோடம் அடாப்டர் ஒன்று வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் குறைந்த விலையில் கிடைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் இணைவதும் விடுவதுமாக இருந்தால், எஃப்டிடிஐ சிப்பில் லேட்டன்சி டைமர் என்ற அமைப்பைப் பாருங்கள். காம் எண் மாற்றும் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும். வழக்கமாக 16 மில்லிசெகண்டில் நிற்கும். உண்மையான சீரியல் போர்ட்டை மனதில் வைத்து எழுதிய பழைய மென்பொருள், பதில் அதற்குள் வரவில்லை என்று கைவிட்டுவிடலாம். 1 அல்லது 2 என்று குறைத்தால் சில சமயம் தீர்ந்துவிடும். இது எல்லாருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாற்றிப் பார்ப்பதில் ஆபத்து இல்லை.

லினக்ஸில் முயற்சி செய்வேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். நான்கு சிப்புக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்த்தால் போதும். உபுண்டு 22.04-ல் மட்டும், பார்வையற்றோருக்கான பிரெயில் சாதனங்களைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சிஎச்340 கேபிளைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். கேபிள் செருகியதும் போர்ட் தோன்றி மறைந்தால் அதுதான் காரணம். பிரெயில் சாதனம் யாரும் பயன்படுத்தாத கணினி என்றால் அந்த நிரலை நீக்கிவிடலாம். விண்டோஸ் மென்பொருளை வைனில் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டி பெட்டியிலிருந்து படிப்பது வரை சரி, எழுதும் வேலையை நான் அதில் செய்ய மாட்டேன். பாதியில் நின்றால் பெட்டி என்ன நிலையில் இருக்கும் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு.

மின்சாரம் பற்றி ஒன்று. சிடிஐயோடு இணைக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றி வையுங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில், அல்லது வீட்டு எர்த் சரியில்லாத இடத்தில், லேப்டாப்பின் கிரவுண்ட் மெயின் சப்ளையின் ஏறக்குறையப் பாதி வோல்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். கை வைத்தால் லேசாகச் சுருக்கென்று தெரியுமே, அதுதான். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளுக்கு ஆபத்து இல்லை, ஆனால் வண்டிச் சட்டத்தில் கேபிள் தொடும் அந்த நொடியில் சீரியல் சிப்புக்கு அது போதும். இன்னொன்று, சிடிஐ இக்னிஷன் காயிலுக்கு அனுப்புவது 200 முதல் 400 வோல்ட் வரை. சாவி ஆனில் இருக்கும்போது காயில் வயர் பக்கம் கை போகக் கூடாது.

எழுதுவது எப்போதும் இன்ஜின் நின்றிருக்கும்போதுதான், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கும்போதுதான். ஓடும் இன்ஜினில் ஸ்பார்க் கிளப்பும் இரைச்சல் யூஎஸ்பி இணைப்பையே அறுத்துவிடும். ரெசிஸ்டர் இல்லாத பிளக் கேப் மாட்டிய பழைய வண்டிகளில் இது அதிகம். ஓடும்போது ஆர்பிஎம் பார்க்க வேண்டுமென்றால் 5 கிலோஓம் ரெசிஸ்டர் உள்ள கேப், குட்டையான யூஎஸ்பி கேபிள், அதில் ஒரு ஃபெரைட் மணி, இவ்வளவும் போட்டுவிட்டுப் பாருங்கள்.

இணைந்ததும் முதல் வேலை, பெட்டிக்குள் இருப்பதைப் படித்து ஒரு ஃபைலாகச் சேமிப்பது. உங்கள் வண்டிக்கு எத்தனை டிகிரி அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் ஸ்பார்க் என்பது) வைக்கலாம் என்ற கேள்விக்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல மாட்டேன். சிலிண்டர் போர்ட் வேலை, சைலென்சர், கம்ப்ரஷன், பெட்ரோல் என்று எல்லாம் அதில் வருகிறது. அட்வான்ஸ் கூடிப்போனால் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ஓட்டை விழுவது நிமிட நேர வேலை. யாரோ கொடுத்த மேப்பை, அதாவது ஆர்பிஎம்முக்கு ஏற்ற அட்வான்ஸ் அட்டவணையை, ஏற்றினாலும் சரி, பேஸ் டைமிங்கை ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் அடித்து, திரையில் காட்டும் டிகிரியும் மேக்னெட்டில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள். மேக்னெட் சுற்றும் நிலையை உணரும் பிக்கப் காயில் நிற்கும் கோணத்தை மென்பொருளில் தப்பாகக் கொடுத்திருந்தால் மேப் முழுவதும் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும், திரையில் எந்தத் தப்பும் தெரியாது.

சிடிஐயின் மாடல் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் பெட்டி பக்கத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொதுவானது. அடுத்து எழுதும்போது மாடல் பெயர், ஹார்டுவேர் ஐடி வரி, வயர் போட்டுச் செய்த சோதனையில் எழுத்து திரும்பி வந்ததா, பெட்டியின் 2, 3 பின்களில் மீட்டர் காட்டிய வோல்டேஜ், இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள். பெட்டியில் ப்ளஸ் வோல்டேஜ் வந்தால் மட்டும், பதில் வரும் வரை கேபிளைச் செருக வேண்டாம்.